பதினொரு கலைந்த பல்லிகள்

மே 4, திங்கள்

ஊத்தடி முகாமுக்கு வந்து சேர்ந்தேன். முகாம் என்பது மரியாதைக்காக வைத்த பெயர். ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு மேசை. வெளியே ஒரு குழாய், அதில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். காவலும் சமையலும் ஆவுடையப்பன் அண்ணாச்சி. அவர் சமையலைப் பற்றி எழுத இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இன்றே ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்து வருடமாக இந்த மலைக்கு வருகிறேன், ஒருநாளும் இங்கே தங்கியதில்லை. கல்லூரி இருக்கும் நாட்களில் டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். மலையடியில் இறங்கி ஏறுவேன், பல்லி பார்ப்பேன், பத்து ஐம்பது பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்கு ஓடுவேன். மதிய ஷிப்டில் நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல்லை அது இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. இப்போது கோடை விடுமுறை. கடைசிப் பருவத்துப் பார்வைகளை முடித்து ஜூன் 5 மாலைக்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இது மூன்றாவது கால நீட்டிப்பு. நான்காவது கிடையாது, பதிவே ரத்தாகிவிடும் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு வயது நாற்பத்தொன்று.

என் ஆய்வு ரொம்ப எளிமையானது. ஓடையோரம் பன்னிரண்டு பெரிய பாறைகள். அவற்றில் விரல் நீளத்தில் இரண்டு வகைப் பகல் பல்லிகள். ஒன்றுக்கு ஆணின் தொண்டை மஞ்சள், இன்னொன்றுக்குக் கருப்பு. மஞ்சத்தொண்டை பாறையின் மேல் பாதியில் வாழும், கருந்தொண்டை அடியில் வேரிடுக்கில் வாழும். மேல்வீடு, கீழ்வீடு. அதனால்தான் ஒரே பாறையில், ஒரே பூச்சியைத் தின்றுகொண்டு, ஒன்றையொன்று ஒழிக்காமல் காலம் தள்ளுகின்றன. இந்த மூன்று வரியை நிரூபிக்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

ஆய்வுக் குறிப்பேட்டில் எரிச்சலை எழுதப் பத்தி கிடையாது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

மே 5, செவ்வாய்

இரண்டாவது கட்டில் யாருக்கு என்று இன்று தெரிந்தது. பெங்களூரில் ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண், நான்கு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். பெயர் கிருபாஷினி, கோபிச்செட்டிபாளையத்துக்காரி. வயது இருபத்தாறு. பாறையின் சூட்டைத் தூரத்திலிருந்தே அளக்கும் துப்பாக்கி, தானாகவே படமெடுக்கும் கேமரா. பல்லிக்கு உள்ள வசதி எனக்குக்கூட இல்லை.

ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேட்டேன்.

"இந்த ரெண்டு பல்லியும் எப்படி ஒண்ணா இருக்குதுங்கன்னு பாக்க வந்தனுங்க மேடம்."

அதே மலை, அதே பாறை, அதே பல்லி. நாட்டில் வேறு பல்லியே இல்லை போலும்.

"உங்க கட்டுரை ரெண்டையும் படிச்சிருக்கனுங்க. இந்தப் பல்லிகள அடையாளம் சொல்றதுக்கு உங்கள விட்டா ஆளில்லைன்னு எங்க சார் சொன்னாருங்க."

முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன்.

பிறகு ஒழுங்கு செய்தேன். ஒரே பாறைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் பல்லி மிரளும். ஆகவே காலை என்னுடையது, பன்னிரண்டுக்கு மேல் அவளுடையது. மேசை அவள் காட்டில் இருக்கும்போது எனக்கு, நான் இருக்கும்போது அவளுக்கு. தண்ணீர் வரும் நேரத்தில் நான் பாறையில் இருப்பதால் என் வாளியையும் அவளே பிடித்து வைப்பாள். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றாள். மதியம் பாறை சுடும்போது அவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அவளிடம்தான் துப்பாக்கி இருக்கிறதே.

மே 6, புதன்

மஞ்சள் 14, எல்லாம் மேலே. கருப்பு 9, எல்லாம் கீழே. ஐந்து வருடமாக இதேதான். சலிப்பாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.

மே 8, வெள்ளி

சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஓடைக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. அங்கே ஏறி நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னும் அந்தப் பல்லிதானாடி?" என்றாள். இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் எனக்கு ஒருவர்கூட இல்லை. கேட்பவர்கள் வீட்டில் ஓடும் பல்லி எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அக்காவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், அவள் பாதியில் போனை வைத்துவிட்டதால். இவை இரண்டும் ஒரு காலத்தில் ஒரே பல்லி. இந்த மலைகளெல்லாம் ஈரக்காடாக இணைந்திருந்தபோது அது எங்கும் பரவியிருந்தது. பிறகு மழை குறைந்து நடுவில் காடு காய்ந்தது. இந்தப் பல்லியால் காய்ந்த நிலத்தைக் கடக்க முடியாது. வடக்கு மலையில் மாட்டியது தனியாக மாறியது, தெற்கு மலையில் மாட்டியது தனியாக மாறியது. பல லட்சம் வருடம் கழித்து மறுபடி மழை வந்து காடு ஒட்டிக்கொண்டபோது இரண்டும் இந்த ஓடையோரம் சந்தித்தன. அதற்குள் ஒன்றின் பேச்சு ஒன்றுக்குப் புரியாது. சேர்ந்தால் குஞ்சு பொரிக்காது. ஆனால் பசி மட்டும் ஒன்றே. அப்படிப்பட்ட இரண்டு ஒரே பாறையில் இருந்தால், ஒன்று மற்றதை விரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது பங்கு போட்டாக வேண்டும். இவை இடத்தைப் பங்கு போட்டன.

ராத்திரிச் சாப்பாடு: நேற்றைய குழம்பு, இன்றைய பெயரில்.

மே 11, திங்கள்

வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் அம்மணி கண்டுபிடித்துவிட்டாள்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. மத்தியானம் கருப்புதான் மேல இருக்குதுங்க. மஞ்சள் எல்லாம் வேரடியில கெடக்குதுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, தொண்டையைப் பார்த்து இனத்தை முடிவு செய்வது. தொண்டை நிறம் ஏமாற்றும், விலா ஏமாற்றாது. கருந்தொண்டைக்கு விலாவில் முள் போன்ற செதில்கள் வரிசையாக இருக்கும், மஞ்சத்தொண்டைக்கு வழவழவென்று இருக்கும். அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். சின்ன வகுப்புப் பிள்ளைபோல நுனி நாக்கை நீட்டிக்கொண்டு எழுதுகிறாள். இவளுக்குத்தான் நான்கு பெட்டி.

மே 12, செவ்வாய்

என் கடலைமிட்டாய் குறைகிறது. எறும்பு காகிதத்தைப் பிரித்துத் தின்னாது.

மே 14, வியாழன்

என் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. இப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அனுமதி கேட்கவில்லை.

"கலைந்தவைன்னு தனியா ஒரு பக்கம் இருக்குதுங்களே, அது என்னங்க்கா?"

இதுகூடத் தெரியாமல் பெங்களூரில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? பல்லி முதலில் எந்த இடத்தில் கண்ணில் பட்டதோ அதைத்தான் எழுத வேண்டும். நம்மைக் கண்டு ஓடிப் போய் நின்ற இடம் அதன் இடமல்ல. மேலே இருந்தது கீழே ஓடியிருக்கும், கீழே இருந்தது மேலே ஓடியிருக்கும். அப்படிப்பட்ட பதிவைக் கலைந்தவை என்று ஒதுக்கிவிட வேண்டும். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பதிவுகளில் என்னிடம் அப்படிப் பதினொன்றுதான். அவ்வளவு பதமாக நடப்பவள் நான். பாறைக்கு ஐந்தடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுவேன்.

"பதினொண்ணுதானுங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள். படட்டும்.

மே 17, ஞாயிறு

நான் பல்லிகளின் வால் அடியில் நெயில் பாலிஷால் புள்ளி வைப்பது வழக்கம். எந்தப் பல்லி எது என்று தெரிய வேண்டுமே. ஏழாம் பாறையின் உச்சியில் ராஜா மாதிரி உட்காரும் பெரிய மஞ்சத்தொண்டைக்கு மூன்று சிவப்புப் புள்ளி. தோலுரிக்கும்போதெல்லாம் திரும்ப வைப்பேன். நான்கு வருடமாகப் பழக்கம். இன்று காலையும் உச்சியில்தான் இருந்தது.

மாலை அந்தப் பெண் கேமராவைக் காட்டினாள். ஏழாம் பாறையின் அடி, வேரிடுக்கு. உள்ளே ஒரு மஞ்சத்தொண்டை, வாலடியில் மூன்று சிவப்புப் புள்ளி. நேரம் மதியம் மூன்று பத்து.

"நீ விரட்டியிருப்ப," என்றேன்.

"நான் அங்க இல்லவே இல்லீங்க்கா. கேமராவ வெச்சுட்டு முகாமுக்கு வந்துட்டனுங்க. அது தானா எடுத்ததுங்க."

கேமராவை மிரண்டு ஓடியிருக்கும் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "இருக்கலாமுங்க" என்றாள். இருக்கலாம் என்ன, அதுதான்.

மே 18, திங்கள்

மொட்டைப் பாறையில் நிற்கும்போது என் கைடு ஞானசிகாமணி சாரிடமிருந்து போன். இந்த மலைக்கு அவர் ஒரே ஒருமுறை வந்தார், அன்றைக்கும் செக்போஸ்ட்டில் டீ குடித்துவிட்டு முட்டி வலி என்று திரும்பிவிட்டார். கட்டுரைகளில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும்.

"மரகதம், அந்தப் பெங்களூர் பொண்ணு அங்கதான் இருக்கா? என்ன சொல்றா?"

சொன்னேன்.

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு டேட்டா சரின்னா நம்ம மூணாவது அத்தியாயம் போச்சு. அத்தியாயம் போச்சுன்னா தீசிஸ் போச்சு. அடையாளம் சொல்றது நீதானே? நீ தப்புன்னு சொன்னா தப்பு. ஜூன் அஞ்சுக்குள்ள கொடுத்து முடி," என்றார்.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் எப்போதும் பார்த்ததைத்தான் சொல்வேன்.

மே 21, வியாழன்

கிருபாஷினி தன் படங்கள் நாற்பத்து மூன்றையும் மேசையில் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றும் எந்த இனம் என்று சரிபார்த்துத் தரச் சொன்னாள். ஒரு மணி நேரம் பார்த்தேன். வெயிலில் எடுத்த படங்கள் என்பதால் எல்லாம் தெளிவாக இருந்தன. விலாவின் முட்செதில்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

வெயிலில் மஞ்சத்தொண்டைக்கும் கழுத்து கருத்துவிடும் என்று சொன்னேன். மேலே இருப்பவை கருந்தொண்டை அல்ல, சூட்டில் கருத்த மஞ்சத்தொண்டைகள். அடியில் இருப்பவை கலைந்தவை.

"விலாவுல முள்ளு இருக்கற மாதிரி தெரியுதுங்களேக்கா?"

"படத்துல நிழல் விழுந்தா முள்ளு மாதிரித்தான் தெரியும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரிங்க்கா," என்று பேனாவை எடுத்தாள். நாற்பத்து மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக, அளவுகோல் வைத்து அடித்தாள். ஒரே கோடாக இழுத்துவிட்டிருக்கலாம். அளவுகோல் எதற்கு?

சாப்பாடு இறங்கவில்லை. அண்ணாச்சி எலுமிச்சை ஊறுகாயில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்.

மே 22, வெள்ளி

வயிறு சரியில்லை. ஊறுகாய்தான்.

மே 23, சனி

காய்ச்சல். காலைப் பார்வை இல்லை. ஐந்து வருடத்தில் முதல்முறை. அந்தப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கோபிச்செட்டிபாளையத்துக் கஞ்சியில் சீரகம் அதிகம். கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று புதிதாக என் தலைமாட்டில் இருக்கிறது. அண்ணாச்சியிடம் சொல்லி டவுனிலிருந்து வரவழைத்திருக்கிறாள். யார் கேட்டார்கள்?

மே 24, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. மதியம் அவள் மொட்டைப் பாறையில் போன் பேசப் போனபோது துணி துவைக்கலாம் என்று ஓடைக்குப் போனேன். ஏழாம் பாறையைக் கடந்துதான் போக வேண்டும். அதற்காகத்தான் அந்த வழியாகப் போனேன். இரண்டரை மணி இருக்கும்.

உச்சியில் ஒரு கருந்தொண்டை உட்கார்ந்திருந்தது. கழுத்தை உப்பிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பட்டா தன் பெயரில் இருப்பதுபோல. நான் இருபதடி தள்ளி நின்றேன். அது என்னைப் பார்க்கவே இல்லை.

காய்ச்சலில் எழுந்தவளுக்குக் கண் கூசும். துணியைத் துவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 25, திங்கள்

அண்ணாச்சி அடுப்பில் காப்பியை வைத்துக்கொண்டு, "நேத்து மத்தியானம் பாறப் பக்கம் நின்னியள்லா டீச்சர்," என்றார். இந்தக் காட்டில் ஒரு மனுஷி துணி துவைக்கப் போனால்கூடச் செய்திதான்.

எதற்கோ கேட்டுவைத்தேன். மதியம் பாறை உச்சியில் எது இருக்கும் அண்ணாச்சி?

"கருப்புதான். வெயில் ஏற ஏற மஞ்ச எறங்கிரும், கருப்பு மேல ஏறிரும். தெனமும் நடக்கதுதானே."

"பன்னண்டு வருஷமா இங்க இருக்கீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. நீங்கதான் பத்தேகாலுக்கெல்லாம் பஸ்ஸுக்கு எறங்கிருவியள்லா." காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தார். "நீங்களும் அந்தப் பிள்ளையும் ஒரே மேசைய முட்டிக்கிடாம வச்சிருக்கியள்லா, அது மாதிரிதான்."

எங்களைப் பல்லிகளோடு ஒப்பிட்டுப் பேச ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. காப்பியிலும் சர்க்கரை இல்லை.

மே 26, செவ்வாய்

கலைந்தவை பக்கத்தை எடுத்தேன்.

பதினொரு பதிவு. தேதி, பாறை, இனம், இடம், நேரம் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஐந்து வருடத்தில் நேரப் பத்தியை நான் படித்ததில்லை, எழுதியது மட்டும்தான்.

முதல் மூன்றும் பஸ் வேலைநிறுத்தத்து நாளில், நான் மாலை லாரியில் திரும்பிய அன்று. மதியம் இரண்டு ஐந்து, இரண்டு நாற்பது, மூன்று. அடுத்த நான்கும் கல்லூரிக்கு மழை விடுமுறை விட்ட அன்று. மலையில் மழை இல்லை, வெயில் அடித்தது. இரண்டரையிலிருந்து நான்கு வரை. மீதி நான்கும் தேர்தல் விடுமுறை அன்று. எல்லாவற்றிலும் கருப்பு மேலே, மஞ்சள் கீழே.

இன்னொன்றும் பார்த்தேன். ஐந்து வருடத்தில் மதியத்தில் நான் பார்த்த பல்லிகளே மொத்தம் பதினொன்றுதான். அந்தப் பதினொன்றையும் கலைந்தவையில் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட விடவில்லை.

தீசிஸில் ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழ் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: இப்பல்லிகள் மிகுந்த சுறுசுறுப்போடு இயங்கும் நேரமான காலை ஆறே முக்கால் முதல் பத்தேகால் வரை பார்வைகள் மேற்கொள்ளப்பட்டன. ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கும். ஞானசிகாமணி சார் மிகவும் பாராட்டிய வாக்கியம்.

பல்லி எப்போது சுறுசுறுப்பாக இருக்கும் என்று நான் பார்க்கவே இல்லை. பஸ் எப்போது வரும் என்று பார்த்தேன்.

மே 27, புதன்

கிருபாஷினி பெட்டியைக் கட்டுகிறாள். எனக்கு இனி அறை முழுவதும் கிடைக்கும், மேசையும்.

அண்ணாச்சியிடம் ஏன் என்று விசாரித்தேன். மொட்டைப் பாறையில் நின்று அவள் போனில் பேசியது அவர் காதில் விழுந்ததாம். இரண்டு பல்லியைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாத எனக்கு எதற்கு இந்த வேலை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவளே அவளுடைய பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை ஜீப் வருகிறது.

"மொகத்தப் பாக்க முடியல டீச்சர். சோறு திங்காமக் கெடக்கு."

என் மூன்றாவது அத்தியாயம் பத்திரமாக இருக்கிறது. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஐந்து வருடம் பல்லி பார்த்தவள்.

மே 28, வியாழன்

காலையில் போகவில்லை. பதினொன்றுக்குப் போய் ஏழாம் பாறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவளுடைய சூடு அளக்கும் துப்பாக்கியைக் கேட்காமல் எடுத்துப் போனேன்.

பதினொன்றேகால், உச்சி முப்பத்தொரு டிகிரி. சிவப்பு மூன்று அங்கேயே இருந்தது. பதினொன்றே முக்கால், முப்பத்து மூன்று. அது இரண்டு தடவை காலை மாற்றி மாற்றித் தூக்கியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. யாரும் விரட்டவில்லை. பாதி வழியில் ஒரு கருந்தொண்டை ஏறிக்கொண்டிருந்தது. நான்கு விரல் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்தன. சண்டையில்லை, தலையாட்டல்கூட இல்லை. ஷிப்ட் மாறும் மில் தொழிலாளிகள் வாசலில் கடப்பதுபோலக் கடந்தன. பன்னிரண்டரைக்கு மஞ்சள் வேருக்குள், கருப்பு உச்சியில்.

இவை இடத்தைப் பங்கு போடவில்லை. மேல்வீடும் கீழ்வீடும் கிடையாது. இருப்பது ஒரே வீடு, நேரத்தைத்தான் பங்கு போட்டிருக்கின்றன. ஒன்று ஈரமலையில் மாறி வந்தது, அதற்குச் சூடு தாங்காது. மற்றது வெயில் கூடிய மலையில் மாட்டிக்கொண்டு சூட்டுக்குப் பழகி வந்தது. இவ்வளவுதான் விஷயம். ஐந்து வருடத்தில் ஒருநாள் ஒரே பாறைக்கு முன்னால் சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தால் போதும். அழுகை வந்தது, அழுதேன். பல்லிகள் கலையவில்லை.

முகாமுக்கு வந்தேன். கிருபாஷினி கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் நாப்பத்தி மூணும் சரி," என்றேன்.

"என்னங்க்கா?"

"எல்லாமே நீ சொன்ன இனம்தான். விலாவுல இருந்தது முள்ளுதான், நிழல் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவள் துணியைக் கீழே வைத்தாள். நான் கலைந்தவை பக்கத்தை நீட்டினேன். வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். நேரப் பத்திக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. இந்தப் பெண்ணுக்குப் பத்தியைப் படிக்கத் தெரிகிறது.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"அளவுகோல் வெச்சு அடிச்சனுங்க," என்றாள். குரல் ஏறவில்லை. "ஒவ்வொண்ணா அடிச்சனுங்க. பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்க."

அவள் அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் கொஞ்சம் வெளிய போறனுங்க மேடம்."

மறுபடி மேடம் ஆகிவிட்டேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, என் கையிலிருந்த அவளுடைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனாள்.

மே 29, வெள்ளி

ஜீப் வந்தது. அவள் தன் பேராசிரியருக்கு ஒரு கடிதம் மட்டும் கொடுத்தனுப்பினாள். பெட்டிகள் ஏறவில்லை.

ஜூன் 1, திங்கள்

மேசையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். முழங்கை இடிக்கிறது. என் ஐந்து வருடக் காலைகளையும் அவளுடைய ஒரு மாத மதியங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு முழு நாள் கிடைக்கிறது. வேலை விஷயம் தவிர அவள் என்னிடம் பேசுவதில்லை. அவள் அடித்த வரிகளை நானே மறுபடி பெயர்த்து எழுதிக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது தெரியும்.

மொட்டைப் பாறையில் ஏறிக் கைடிடம் சொன்னேன். அரை மணி நேரம் கத்தினார்.

"பைத்தியமா உனக்கு? மூணாவது அத்தியாயத்துல ஒரு வரியத் தொட்டாலும் என் கையெழுத்து கிடையாது. இருக்கறதக் கொண்டுவந்து கொடு. டாக்டர் பட்டத்த வாங்கிட்டு அப்புறமா ஆராய்ச்சி பண்ணிக்கோ."

இவ்வளவு நேர்மையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 3, புதன்

ஆய்வு முறைப் பகுதியில் அந்தக் கம்பீரமான வாக்கியத்தை அடித்தேன், அளவுகோல் வைத்து. அதற்குப் பதில் எழுதியது: பார்வை நேரம் காலை ஆறே முக்கால் முதல் பத்தேகால் வரை. காரணம், ஆய்வாளர் பத்து ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கிருபாஷினியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். சிரிக்கவில்லை. ஆனால் "பஸ் சீட்டு வாங்குனதக் காணோமுங்களே," என்றாள்.

ஜூன் 5, வெள்ளி

மாலை ஐந்து மணிக்குப் பதிவு ரத்தாகும். கைடு பைண்ட் செய்து அனுப்பிய பழைய தீசிஸின் மூன்று பிரதிகள் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கின்றன, பச்சை அட்டை, பொன் எழுத்து. பத்து ஐம்பது பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்குப் பல்கலைக்கழகம் போய்விடலாம். கைடு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதாக நேற்றும் செய்தி அனுப்பியிருந்தார். காலையில் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அண்ணாச்சி கேட்கவில்லை.

பத்தேகாலுக்கு ஏழாம் பாறைக்கு முன்னால் இருந்தேன். பத்து ஐம்பதுக்கு மலையடி வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ஐந்து வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டால் என் கால் தானாக எழுந்துவிடும். இன்றும் எழுந்தது. திரும்ப உட்கார வைத்தேன்.

கிருபாஷினி பின்னால் வந்து, ஐந்தடி தள்ளிச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"பஸ் போயிருச்சுங்க," என்றாள்.

மேடமும் இல்லை, அக்காவும் இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. குறிப்பேட்டை நடுவில் வைத்தேன். நேரத்தை அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

மதியம் 2:40. பாறை 7. கருந்தொண்டை, உச்சியில். மஞ்சத்தொண்டை, சிவப்பு மூன்று, வேரடியில். கலையவில்லை.